இஸ்திரிப் பெட்டிக்கு இடமில்லாத கப்பல்

அமெரிக்காவின் மயாமி துறைமுகத்தில் சொகுசுக் கப்பலில் ஏறப் போகிறவர்களின் பெட்டிகளையெல்லாம் ஓர் எந்திரத்துக்குள் அனுப்பிச் சோதிப்பார்கள். கத்தி, வெடிபொருள் என்று தேடுவது நமக்குத் தெரிந்ததுதான். அங்கே இன்னொன்றையும் தேடுவார்கள். இஸ்திரிப் பெட்டி! அது கிடைத்தால் எடுத்து வைத்துக்கொண்டு, பயணம் முடிந்து இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். துணிக்கு நீராவி அடிக்கிற சின்னக் கருவிக்கும் அனுமதி கிடையாது.

பயணமோ ஒரு வாரம். மயாமியிலிருந்து கிளம்பி கரீபியன் கடலில் தீவு தீவாகப் போய்த் திரும்ப வேண்டும். பகலெல்லாம் வெயில், மணல், உப்புத் தண்ணீர். சில இரவுகளில் நன்றாக உடுத்திக்கொண்டுதான் விருந்துக் கூடத்துக்குப் போக வேண்டும். கப்பலிலேயே காசு கொடுத்துச் சலவைக்குப் போடலாம். சில கப்பல்களில் நாமே துவைத்துக்கொள்ளத் தனி அறையும் உண்டு. ஆனால் குழந்தைகளே, நூலும் தண்ணீரும் எப்படிப் பழகுகின்றன என்று தெரிந்துகொண்டவருக்குத் தன் கேபினில் இருக்கும் வாஷ் பேசினும் ஒரு துண்டுமே போதும். அந்த அறிவியலைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், இஸ்திரிப் பெட்டிமேல் ஏன் இவ்வளவு கெடுபிடி? நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. கப்பலில் இருப்பவர்களேதான் அணைக்க வேண்டும். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் நீளம் சுமார் 365 மீட்டர். அதில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். வேலை செய்கிறவர்கள் 2,350 பேர். ஏறக்குறைய 10,000 பேர் இருக்கிற இடத்தில், சூடான பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு யாரோ ஒருவர் மறந்துபோனால் என்ன ஆகும்?

துணியால் கப்பலில் தீப்பிடித்ததும் உண்டு. 1998 ஜூலை 20 அன்று ‘எக்ஸ்டஸி’ என்ற சொகுசுக் கப்பல் இதே மயாமியிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் எரியத் தொடங்கியது. தீ பிறந்த இடம் கப்பலின் சலவைக் கூடம். அங்கே ஊழியர்கள் வெல்டிங் செய்தபோது பறந்த பொறி, காற்றுக் குழாய்க்குள் சேர்ந்து கிடந்த துணிப் பிசிறில் பட்டது. குழாய் வழியாகவே தீ கப்பலின் பின்பகுதிக்குப் போய், அங்கே வைத்திருந்த தடித்த கயிறுகளைப் பற்றிக்கொண்டது. கரை பக்கத்தில் இருந்ததால் உதவிப் படகுகள் விரைந்து வந்தன, யாரும் இறக்கவில்லை. தீக்குக் காரணம் வெல்டிங் பொறியும் பிசிறும்தான் என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னது.

வெறும் பிசிறு எப்படி இவ்வளவு பெரிய தீயாகும்? ஒரு சட்டையை மடித்து வைத்தால் அதன் மேல்பரப்பில் மட்டும்தான் காற்று படும். அதே சட்டையின் நூல், பூம்பஞ்சாக உதிர்ந்து கிடந்தால் ஒவ்வோர் இழையையும் சுற்றிக் காற்று இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் எல்லாப் பக்கமும் தொட்டுக்கொண்டிருப்பதால் குப்பென்று பிடித்துவிடும். உங்கள் வீட்டில் துணி உலர்த்தும் எந்திரம் இருந்தால், அதன் வடிகட்டியில் சேரும் பிசிறை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். நிஜமாகவே முக்கியமான வேலை அது.

சரி, இப்போது சட்டைக்கு வருவோம். வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்றைக் காலையில் இஸ்திரி போட்டு உடுத்துகிறோம். சாயங்காலம் அதன் முழங்கைப் பக்கத்தை உற்றுப் பாருங்கள். உள்வளைவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். தோளிலும் காலரிலும் அவ்வளவு இல்லை. முதுகில், நாற்காலியில் சாய்ந்த இடத்தில் மட்டும் ஒரு கூட்டம். வளைவு, அழுத்தம், வியர்வை இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் கசங்கல் அதிகம். இதில் வியர்வைக்கு என்ன வேலை?

பருத்தி இழையில் 90 சதவீதத்துக்கும் மேல் செல்லுலோஸ்தான். குளுக்கோஸ் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஆன நீண்ட மூலக்கூறு அது. இந்தச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய பிடியால் பிடித்துக்கொண்டிருக்கும். வகுப்பில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், பக்கத்து வரிசைப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மூலக்கூறு ஒன்று நடுவில் புகுந்தால் என்ன ஆகும்? அது ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். பழைய பிடி விட்டுப்போகும். அந்த நேரம் பார்த்துத் துணி வளைந்தால் வரிசைகள் நகர்ந்துவிடும். பிறகு தண்ணீர் ஆவியாகிப் போனதும், அவரவர் இப்போது யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வளைந்த நிலையிலேயே கட்டு இறுகிவிட்டது. அதுதான் கசங்கல்.

தண்ணீர் என்றால் நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. நமக்கு உலர்ந்ததாகத் தெரியும் 100 கிராம் பருத்தித் துணி, ஓரளவு ஈரமான காற்றில் 8 கிராம் தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கும். கடல் காற்றில் இன்னும் கூடும். அதனால்தான் பெட்டியில் அடுக்கி வைத்த சட்டைகூட, யாரும் உடுத்தாமலே கசங்குகிறது.

தண்ணீர்தான் கசக்குகிறது என்றால், அதே தண்ணீரை வைத்துக் கசங்கலை எடுக்கவும் முடியும். தெருமுனையில் தள்ளுவண்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரரைப் பாருங்கள். பெட்டியை வைக்கும் முன் துணிமேல் கையால் தண்ணீர் தெளிக்கிறார். அந்தத் தண்ணீர் உள்ளே போய்ப் பிடிகளைத் தளர்த்துகிறது. பெட்டியின் கனம் துணியைத் தட்டையாக்குகிறது. சூடு தண்ணீரை விரட்டுகிறது. தட்டையான நிலையிலேயே புதுப் பிடிகள் அமைகின்றன. இதில் சூட்டின் பெரிய உதவி, வேலையைச் சில விநாடிகளில் முடித்துவிடுவது. அவசரம் இல்லாதவர் சூடு இல்லாமலும் செய்யலாம்.

கப்பலில் செய்வது இதுதான். சட்டையை ஹேங்கரில் மாட்டி, பொத்தான் போட்டு, கசங்கிய இடத்தில் மட்டும் தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளிக்க வேண்டும். சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது. கையால் மேலிருந்து கீழாக நீவி, ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்துவிட்டு, இரவு அப்படியே தொங்கவிட்டால் துணியின் எடையே பெட்டியின் கனத்துக்குப் பதிலாக வேலை செய்யும். காலையில் சட்டை தயார். கத்தி விளிம்பு மாதிரி மடிப்பு கேட்பவருக்கு இது போதாது; விருந்துக்குப் போகிறவருக்குத் தாராளமாகப் போதும். இதற்கென்று கடையில் விற்கும் தெளிப்பான்களிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நேராக உதவும் பொருள் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள்.

குளிக்கும்போது சட்டையைக் குளியலறையில் மாட்டி வைப்பது இன்னொரு வழி. வெந்நீர் ஆவி இழைக்குள் புகுந்து அதே வேலையைச் செய்யும். ஆனால் இதற்காக வெந்நீரைச் சும்மா திறந்துவிடுவது எனக்குப் பிடிக்காது. கப்பலில் ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் எப்படித் தயாரிக்கிறார்கள் என்று கேட்டால் உங்களுக்கும் பிடிக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வந்த கசங்கலை எடுப்பதைவிட வராமல் பார்ப்பது சுலபம். பெட்டி அடுக்கும்போது துணியை மடிப்பதா, சுருட்டுவதா? மடித்த இடத்தில் துணி மிகச் சிறிய வளைவில் திரும்புகிறது. வளைவின் வெளிப்பக்க இழைகள் நீள வேண்டியிருக்கிறது; உள்பக்க இழைகள் நசுங்க வேண்டியிருக்கிறது. வளைவு எவ்வளவு சிறியதோ, இழைகளுக்கு அவ்வளவு இழுப்பு. சுருட்டினால் வளைவு பெரிதாகிவிடும், இழுப்பும் குறைந்துவிடும். பனியன், டி-ஷர்ட், பைஜாமா எல்லாவற்றையும் சுருட்டுங்கள். விறைப்பான காலர் வைத்த சட்டையைச் சுருட்டினால் காலர் கெடும். அதை அகலமாக மடித்துப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கேபினுக்குள் போனதும் முதல் வேலையாகத் துணிகளை எடுத்து மாட்டிவிட வேண்டும். பெட்டிக்குள் அழுந்திக் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கோடுகள் ஆழமாகும்.

எந்தத் துணியைக் கொண்டுபோவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. 1941-இல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டு, ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பாலியஸ்டர் இழையை உருவாக்கினார்கள். ‘டெரிலீன்’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் போனது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் அவர் காலத்து டெரிலீன் சட்டையைப் பற்றிச் சொல்வார். பருத்தி 8 கிராம் தண்ணீரை வைத்துக்கொள்ளும் அதே காற்றில், 100 கிராம் பாலியஸ்டர் அரை கிராம்கூட வைத்துக்கொள்ளாது. அதன் சங்கிலிகள் தளர வேண்டுமானால் 70, 80 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். நம் உடம்பின் சூடு 37 டிகிரிதான். அதனால் பாலியஸ்டர் சட்டை முழங்கையில் வளையும், கையை நீட்டியதும் பழையபடி ஆகிவிடும். வியர்வையை உறிஞ்சாததால் வெயிலில் அது புழுங்கும் என்பது அதன் குறை.

பருத்தியின் குளிர்ச்சியும் வேண்டும், கசங்கவும் கூடாது என்றால்? அதற்காக உழைத்தவர்களில் ஒருவரை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ரூத் பெனரிட்டோ. 1916-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். அதே நகரில் அரசின் வேளாண் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்தார். செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு நடுவே தண்ணீரால் அவிழ்க்க முடியாத சின்ன வேதிப் பாலங்களைக் கட்டுவது அவருடைய ஆய்வு. பாலம் போட்ட பிறகு துணியை எப்படி வளைத்தாலும், துவைத்தாலும், சங்கிலிகள் தங்கள் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்துவிடும். துவைத்து, உலர்த்தி, அப்படியே உடுத்தக்கூடிய பருத்தி பிறந்தது. 55 காப்புரிமைகள் பெற்றவர் அவர். ஆனாலும், இதைத் தான் ஒருத்தியே கண்டுபிடித்ததாகச் சொல்லக் கூடாது, பலர் உழைத்தார்கள் என்று வற்புறுத்தியவர். 2013-இல், 97 வயதில் மறைந்தார். கடையில் கசங்காத பருத்திச் சட்டையை எடுக்கும்போது இந்த அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது துவைப்பது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அதில் துவைக்க முடியாது. ஏன்?

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. பெரும்பகுதி நம் சமையல் உப்புதான். கூடவே மக்னீசியம் சுமார் 1.3 கிராம், கால்சியம் சுமார் 0.4 கிராம். இந்த இரண்டும்தான் சோப்புக்குப் பகை. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும். நீண்ட வால் எண்ணெயோடு சேரும். வால்கள் அழுக்கிலுள்ள எண்ணெய்ப் பசையைக் குத்திப் பிடிக்க, தலைகள் அதைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகின்றன. கடல் நீரில் கால்சியமும் மக்னீசியமும் அந்தத் தலைகளைப் பிடித்துக்கொள்ளும். சோப்பு கரையாமல் வெள்ளையாகத் திரிந்துவிடும். நுரையே வராது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் அம்மா துணி துவைக்கப் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சலவைத் தூள்களில் உள்ள டிடர்ஜென்டின் தலை வேறு மாதிரி ஆனது. கால்சியத்தோடு சேர்ந்தாலும் சோப்பைப் போல எளிதில் திரியாது. அதனால் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு வேலை செய்யும்.

டிடர்ஜென்ட் வருவதற்கு முன் மாலுமிகள் என்ன செய்தார்கள்? மழை பெய்தால் கப்பல் பாயில் பிடித்துச் சேர்த்து, அதில் துவைத்தார்கள். கடல் நீருக்கென்றே தனிச் சோப்பும் இருந்தது. அது தேங்காய் எண்ணெயில் செய்தது! தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் வால் குட்டையானது, 12 கார்பன் அணுக்கள்தான். வால் குட்டையானால் உப்புத் தண்ணீரிலும் கரைந்து நுரை வரும். நம் வீட்டுத் தேங்காய்க்கு நடுக்கடலில் இப்படி ஒரு மதிப்பு இருந்திருக்கிறது.

ஆனால் கடல் நீரில் துவைத்த துணியில் இன்னொரு தொல்லை உண்டு. தண்ணீர் போன பிறகும் உப்பு இழைக்குள் தங்கிவிடும். அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். துணி பிசுபிசுவென்று, என்றைக்கும் முழுதாகக் காயாது. எனவே தீவில் கடலாடிவிட்டு வந்ததும் நீச்சல் உடையை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். காய்ந்த பிறகு அலசுவதைவிட ஈரமாக இருக்கும்போதே அலசுவது நல்லது.

அந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? துறைமுகத்தில் கொஞ்சம் நிரப்பிக்கொள்வார்கள். மீதியைக் கடலிலிருந்து கப்பலே தயாரிக்கிறது. ஒரு முறையில், கடல் நீரைக் காற்று நீக்கிய கலத்துக்குள் விடுவார்கள். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காது. 40 முதல் 60 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடு கப்பலின் எந்திரத்தைக் குளிர்விக்கும் நீரிலிருந்தே கிடைக்கிறது. எழும் ஆவியைக் குளிர்வித்தால் உப்பில்லாத தண்ணீர். இன்னொரு முறையில், கடல் நீரைப் பெரும் அழுத்தத்தில் மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிப்பார்கள். சென்னைக்கு அருகே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்க அமைத்த ஆலைகள் இந்த இரண்டாவது முறையைச் சேர்ந்தவைதான். இரண்டுக்கும் எரிபொருள் செலவாகிறது. வெந்நீரைச் சும்மா திறந்துவிடாதீர்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

கறைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் பலவற்றில் அவோபென்சோன் என்ற பொருள் இருக்கும். தண்ணீரில் கொஞ்சம் இரும்பு இருந்தாலும் அதோடு சேர்ந்து வெள்ளைத் துணியில் துருப்பிடித்தது மாதிரிக் கறை ஆகிவிடும். பிளீச் ஊற்றினால் இன்னும் மோசமாகும். எலுமிச்சைச் சாறு பலன் தரும், அதிலுள்ள சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்து வெளியே கொண்டுவந்துவிடும். சன்ஸ்கிரீனைப் பூசி, தோலில் ஊறிய பிறகு சட்டை போடுவது அதைவிட நல்லது. அடுத்தது, குழம்பு சிந்திய மஞ்சள் கறை. சோப்புப் போட்டதும் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தன்மையில் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். நன்றாக அலசினால் மஞ்சளுக்குத் திரும்பும். மிச்சம் இருப்பதை வெயில் வெளுத்துவிடும்.

துவைத்தாயிற்று, எப்படிக் காயவைப்பது? பால்கனிக் கம்பியில் துணி போடக் கூடாது என்பது பல கப்பல்களில் விதி. காற்றில் பறந்து கடலில் விழும், எங்கிருந்தாவது பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். உள்ளேதான் உலர்த்த வேண்டும். இங்கேதான் துண்டு கைகொடுக்கிறது.

துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். முறுக்கினால் ஈர இழைகள் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கையால் அமுக்கித் தண்ணீரை வடியவிடுங்கள். பிறகு உலர்ந்த பெரிய துண்டைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் ஈரச் சட்டையைச் சுருக்கமில்லாமல் பரப்புங்கள். இரண்டையும் சேர்த்துப் பாயாகச் சுருட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழங்காலால் அழுத்திக்கொண்டே போங்கள். துண்டின் நூல் வளையங்களுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகள், நுண்புழை ஈர்ப்பால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரித்துப் பார்த்தால் துண்டு கனத்திருக்கும். சட்டை சில்லென்று இருக்கும், ஆனால் ஒரு சொட்டும் வடியாது. நான் அறிந்தவரை பயணத்தில் துணி உலர்த்த இதைவிடச் சிறந்த வழி இல்லை.

பிறகு மாட்ட வேண்டியது குளியலறையில் அல்ல, கேபினில். ஏசி எந்திரம் காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள நீராவி நீராகிச் சொட்டிப் போய்விடுகிறது. மிச்சம் வருவது உலர்ந்த காற்று. அது வீசும் பக்கமாக மாட்டினால் துணியிலுள்ள ஈரம் வேகமாக ஆவியாகும். எங்கே மாட்டுவது என்கிறீர்களா? கப்பல் கேபின்களின் சுவர் பெரும்பாலும் எஃகுத் தகடு. காந்தக் கொக்கி நச்சென்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு கொக்கிகளும் கொஞ்சம் கயிறும் இருந்தால் கொடி கட்டியாயிற்று!

2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சொகுசுக் கப்பல் புறப்பட்டது. நீங்களும் ஒருநாள் போகலாம். அதுவரை வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பருத்திக் கைக்குட்டை, ஒரு பாலியஸ்டர் துணித்துண்டு, பஞ்சும் பாலியஸ்டரும் கலந்த பழைய பள்ளிச் சீருடைத் துண்டு, இந்த மூன்றையும் ஒரே அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் லேசாக நனைத்து, கைக்குள் கசக்கி, ரப்பர் பேண்டு போட்டு நன்றாக உலரும் வரை வையுங்கள். பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். எதில் கோடுகள் அதிகம்? தண்ணீர் தெளித்து நீவினால் எது சீக்கிரம் நேராகிறது? கலப்புத் துணி பருத்தியின் பக்கம் சாய்கிறதா, பாலியஸ்டரின் பக்கமா? படம் வரைந்து, கண்டதைக் கண்டபடி எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.